இருபது நிமிடம், அசையாத முகங்கள்

ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறப்பதில்லை. முடித்த பிறகும் திறப்பதில்லை. பனிதேசத்து யோவென்சூ நகரத்துப் பல்கலைக்கழக விரிவுரை அரங்குகளில் இதை யாரும் எழுதி ஒட்டியதில்லை. ஒட்ட வேண்டிய தேவை எழுந்ததுமில்லை. "கேள்வி ஏதும் உண்டா?" என்று தலைவர் கேட்பார். ஐந்து எண்ணும் நேரம் எல்லோரும் மேசையைப் பார்ப்பார்கள். பிறகு நன்றி சொல்லிக் கலைவார்கள். அந்த மௌனம் மதிப்பா, சலிப்பா என்பது பேசியவருக்கு மட்டும் விளங்காது.

இளம் விரிவுரையாளர் விர்வேக்கு அது சென்ற ஆண்டு வந்த ஒரு கடிதத்தில்தான் விளங்கியது. வேறொரு நகரத்தில் வேலைத் தேர்வுக்காக அவள் நிகழ்த்திய மாதிரி விரிவுரைக்கு வந்த மதிப்பீடு: 'தெளிவு உண்டு, கேட்பவரைத் தொடவில்லை.' வேலை இன்னொருவருக்குப் போயிற்று. ஜூலையோடு அவளுடைய தற்காலிகப் பணியும் முடிகிறது. இன்று இங்கே, இலக்கியத் துறையின் ஒரே ஒரு நிரந்தர இடத்துக்கு மறுபடி ஒரு மாதிரி விரிவுரை.

அரங்குக்கு வெளியே, ஈரக் கோட்டுகள் தொங்கும் வரிசையருகே, தோழி மிர்யா அவள் கையிலிருந்த கோப்பையைப் பிடித்தாள்.

"ஏன்டி இப்படிப் பதறுற? காப்பி பாதி தரையில போச்சு."

"போன தடவை நடுவுல ஒரு ஜோக் சொன்னேன் மிர்யா. ஒருத்தர் இருமினார். அவ்வளவுதான்."

"இருமினாரா? நம்ம ஊர்ல அது கைதட்டல்டி!"

"விளையாடாத."

"சரி, அவங்க மூஞ்சியைப் பாத்துப் பேசாத. அங்க என்ன இருக்கு, பனிதான்."

"அப்ப எதைப் பாத்துப் பேசறது?"

மிர்யா கோப்பையை வாங்கிக்கொண்டாள். கதவு திறந்தது.

முன்வரிசையில் தேர்வுக்குழுவினர் மூவர். நடுவில் தலைவர் ஔனே சிஹ்வோலா. அவர் முன் நேரமானி. பின்னால் முப்பது மாணவர்கள், ஆளுக்கு ஓர் இருக்கை இடைவெளி விட்டு. துறை தந்த தலைப்பு: 'நம்ப முடியாத கதைசொல்லியை நாம் ஏன் தொடர்ந்து கேட்கிறோம்?' இருபது நிமிடம். ஒரு நிமிடம் மிஞ்சினாலும் மதிப்பெண் குறையும்.

விர்வே வரையறைகளில் தொடங்கினாள். ஒவ்வொரு வாக்கியமும் முந்தியதன் மேல் சரியாகவே அமர்ந்தது. ஆயினும் எட்டு நிமிடமாகியும் ஒரு புருவம்கூட உயரவில்லை. மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். அரங்கில் கேட்டதெல்லாம் அந்த ஊசிகளின் சத்தமும் தன் குரலும்தான். அந்தக் கடிதத்தின் வரி நினைவுக்கு வந்தது.

பதினான்காம் நிமிடத்தில், இந்த விரிவுரைக்கென்றே தான் எழுதியிருந்த பத்தியை வாசித்தாள். ஏரிக்கரை வீட்டில் ஒருத்தி பேசுகிறாள்: "பிப்ரவரிக் குளிரு. என் வீட்டுக்காரர் படகை எடுத்துக்கிட்டு மீன் புடிக்கப் போயிருக்கார். சாயங்காலம் வந்துடுவார். அதான் ரெண்டு தட்டு வெச்சிருக்கேன்."

அடுத்த திரையில் விளக்கம் தயாராக இருந்தது. திரையை மாற்றும் பொத்தான்மேல் விரலை வைத்தவள் அழுத்தவில்லை. சென்ற ஆண்டும் இப்படித்தான்: எதையும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் தானே சொல்லி முடித்தாள். கேட்டவர்களுக்குச் செய்ய என்ன இருந்தது?

"இவள் பொய் சொல்கிறாளா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள்.

யாரும் அசையவில்லை. நேரமானியில் எண்கள் மாறின. பதினைந்து நிமிடம். பதினைந்தரை. முடிவுரைக்கு நான்கு நிமிடம் வேண்டும். இப்போதே தொடங்கினால்தான் உண்டு. பின்னல் ஊசிகளும் நின்றிருந்தன. அது ஆர்வமா, அவள்மீது இரக்கமா? வேலை கண்ணெதிரே கரைவதுபோல் இருந்தது. விரல் மறுபடி பொத்தானைத் தேடியது.

"இல்ல!"

முன்வரிசையிலிருந்து வந்தது அந்தக் குரல். கேள்வி நேரம் வரவில்லை, எவரும் அழைக்கவுமில்லை. ஔனே சிஹ்வோலா எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏரி உறைஞ்சு கெடக்கு, படகு எப்படிங்க போகும்? அது அந்தம்மாவுக்குத் தெரியாதா? பொய் சொல்றவங்க நாம நம்பற மாதிரிதானே சொல்வாங்க! அவர் இனி வரமாட்டார்னு தெரிஞ்சும் அவங்க தனக்குத்தானே சொல்லிக்கறாங்க! நீங்க அவங்களைப் பொய்க்காரின்னு முடிக்கப் போறீங்கன்னா, நான் ஒத்துக்கவே மாட்டேன்!"