பெல்ட்டோடு பம்ப்பும்

எஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிக் கீழே வைத்த மாதேஸ்வரி, கைவிளக்கைத் தண்ணீர் பம்ப்பின் அடிப்பக்கத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே கடுகளவுத் துளை ஒன்றின் வாயில் வெள்ளைப் படிவு தெரிந்தது. நகத்தால் சுரண்டினாள், பொடியாக உதிர்ந்தது. ஈரம் இல்லை. பம்ப்புக்குள் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் சீல் தேயத் தொடங்கினால், தண்ணீர் முதலில் எட்டிப் பார்ப்பது இந்தத் துளை வழியாகத்தான். எட்டிப் பார்த்திருக்கிறது என்பது உறுதி; எப்போது, எத்தனை முறை என்பது உறுதியில்லை. உறுதியில்லாத ஒன்றை மூடிவைப்பது அவள் வழக்கமில்லை. ஒரே ஒரு முறை மூடியிருக்கிறாள்.

ஓசூர் சிப்காட்டின் பின்சாலையில் அண்ணாதுரைக்குப் பத்தொன்பது வண்டிகளும், அவற்றைப் பழுது பார்க்க ஒரு ஷெட்டும் இருந்தன. எல்லாம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வண்டிகள். இந்த ஏழு பேர் வண்டி, தளியிலிருந்து காலை ஷிஃப்ட்டுப் பெண்களை இறக்கிவிட்டு வந்து நின்றது. ஒரு மணிக்கு இரண்டாம் ஷிஃப்ட்டுக்காக மறுபடி தளியில் இருக்க வேண்டும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டதால் டைமிங் பெல்ட் மாற்றும் கெடு வந்திருந்தது. எஞ்சினின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் ஒரே கணக்கில் சுழற்றும் அந்தப் பெல்ட், போகிற வழியில் தண்ணீர் பம்ப்பையும் சுழற்றிவிட்டுப் போகும். பம்ப்பின் அச்சு இறுகினால் பெல்ட் அறுந்து, வால்வுகள் வளைந்து, எஞ்சினே போய்விடும். பெல்ட்டோடு பம்ப்பையும் மாற்றுவது அதனால்தான். அண்ணாதுரை பெல்ட் மட்டும் வாங்கி வைத்திருந்தார்.

"கரியண்ணா, ரேடியேட்டருக்கு என்னா தண்ணி ஊத்தறீங்க?" என்று கேட்டாள்.

டிரைவர் கரியப்பன் பீடியை அணைத்துவிட்டுப் பெருமையோடு வந்தார். "போர் தண்ணி ஊத்துற ஆளா நானு? கம்பெனி ஆர்.ஓ. தண்ணிம்மா. கேன்ல புடிச்சி வெச்சிருக்கறன்."

"எந்தப் பைப்புல புடிச்சீங்க?"

"குடிக்கிற பைப்புகிட்ட வாட்ச்மேன் உடமாட்டான். பின்னாடி சும்மா கொட்டுதில்ல, அந்தப் பைப்பு."

"அது மிசினு வேணாம்னு தள்ளுற தண்ணிண்ணா. போர் தண்ணில இருக்கிற மொத்த உப்பும் அதுலதான் போவுது."

கரியப்பன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நாலு வருசமா எஞ்சினுக்கு ஊறுகா போட்டிருக்கறனா?" என்றவர், பிறகு தாழ்ந்த குரலில், "ஓனருகிட்ட சொல்லாத தாயி" என்றார்.

சொல்லும் தேவை ஏற்படவில்லை. பத்தரை மணிக்கு வந்த அண்ணாதுரை, பழைய பெல்ட் கழற்றப்பட்டிருப்பதையும் புதியது மாட்டப்படாததையும் ஒரே பார்வையில் கண்டுகொண்டார்.

"பம்ப்பும் மாத்தணுங்கண்ணா" என்றாள். "பெங்களூர்ல இருக்குது. சாயந்தரம் வந்துரும்."

"ஒழுவுதா?"

"இல்லீங்க."

"சத்தம் வருதா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னாத்துக்கு? பெல்ட்ட போட்டு மூடும்மா. ஒரு மணிக்கு வண்டி தளில நிக்கணும். ஒரு ஷிஃப்ட்டு தவறிச்சின்னா கம்பெனிக்காரனுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

"பம்ப்பு மாத்தாம மூட மாட்டன்."

"மூடலன்னா நாளையிலிருந்து வராத."

இதை அவர் கோபமின்றிச் சொன்னார். கைப்பேசி ஒலிக்க, அதை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

சென்ற ஆண்டு, இதே இடத்தில், வேறொரு வண்டிக்கு அவர் இதையே சொன்னார், அவள் மூடினாள். ஐந்து மாதம் கழித்து, குந்தாரப்பள்ளிச் சந்தை நாளில், மாட்டு வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே அந்த வண்டி நின்றது. பம்ப் இறுகிப் பெல்ட்டை அறுத்திருந்தது. பம்ப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. 'பொம்பள மாட்டுன பெல்ட்டு' என்று அண்ணாதுரை யாரிடமோ சொன்னது, மாலைக்குள் எல்லா டிரைவர்களின் வாயிலும் இருந்தது. அன்று முதல் அவள் தொட்ட வண்டியை எடுக்குமுன், ஆம்பளை யாராவது பார்த்தார்களா என்று சிலர் கேட்டார்கள். கேட்காதவர்கள் அவளறியாமல் பானெட்டைத் திறந்து பார்த்தார்கள். இன்னொரு பெல்ட் அறுந்தால் இந்த ஊரில் எந்த ஷெட்டும் அவளை எஞ்சின் பக்கம் விடாது. இந்த ஷெட்டுக்கு வருமுன் ஏழு ஆண்டுகள், எஞ்சின் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பெல்ட் மாட்டினாள். அங்கே தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கும். குறை தென்பட்டால் இழுக்க வேண்டும். மொத்த வரிசையும் நிற்கும். சூப்பர்வைசர் ஓடி வந்து திட்டுவார். ஆனால், இழுத்தவர் சரியென்று சொல்லாமல் வரிசை நகராது. ஷெட்டில் கயிறு இல்லை. இன்னொரு மெக்கானிக்கும் தம்பியின் திருமணத்துக்காகக் கல்லாவி போயிருந்தார்.

அண்ணாதுரை வாசலில் பேசிக்கொண்டே இருந்தார். எஞ்சின் ஆறியிருந்தது. மாதேஸ்வரி அடியில் தட்டை வைத்தாள். பம்ப்பின் ஆறு போல்ட்டுகளையும் முறைப்படி எதிரெதிராகத் தளர்த்தினாள். கடைசிப் போல்ட் வெளியே வந்ததும் பம்ப்பைப் பிடித்து அசைத்தாள். பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் இடையே கசிவைத் தடுத்திருந்த பேக்கிங் இரண்டாகக் கிழிந்தது. துரு நிறத் தண்ணீர் தட்டை நிறைத்து, தரையில் வழிந்து, அண்ணாதுரையின் செருப்பு வரை போனது.

அவர் பேச்சை நிறுத்திவிட்டு வந்தார். எதுவும் கேட்காமல் பம்ப்பை அவள் கையிலிருந்து வாங்கி, அச்சைச் சுழற்றினார். அது வழுவழுப்பாக, ஒலியின்றிச் சுழன்றது. ஆட்டிப் பார்த்தார், ஆட்டமில்லை. இறக்கைகளில் வெண்படலம் இருந்தது. கட்டைவிரலால் துடைத்தபோது அடியில் உலோகம் முழுதாகவே இருந்தது.

"இப்ப என்னா சொல்ற?"

மாதேஸ்வரியும் வாங்கிச் சுழற்றினாள். இரண்டு முறை. "நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

"அப்பறம்?"

"பெல்ட்டு இன்னும் ஒரு லட்சம் ஓடணும். அது வரைக்கும் இது ஓடுமான்னு எனக்குத் தெரியாது. ஓடும்னு ஜாப் கார்டுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பேக்கிங்குக்குப் பதிலா பேஸ்ட்டு தடவி இதையே மாட்டறன். பேஸ்ட்டு காயறதுக்கும் சாயந்தரம் ஆயிரும்."

அட்டையையும் பேனாவையும் நீட்டினாள். அண்ணாதுரை பேனாவை வாங்கினார். அட்டையில் 'பணி செய்தவர்' என்ற வரியில் அவள் பெயர் முன்பே எழுதப்பட்டிருந்தது. அதற்கடுத்த வரி வெறுமையாக இருந்தது. பேனா அதன் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இரண்டையும் பானெட்டின் மேல் வைத்தார்.

"கரியப்பா, என் காரை எடு. தளிக்குப் போ."

"உங்க காரா? சீட்டுல கவரு கூடப் பிரிக்கலியே ஓனரு. செருப்பக் கழட்டிட்டு ஏறச் சொல்லட்டா?"

"வாய மூடிக்கினு போடா."

கரியப்பன் சாவியை வாங்கியபடி மாதேஸ்வரியைப் பார்த்தார். "ஏனு மாடோது" என்று கன்னடத்தில் முனகினார். என்ன செய்வது என்ற கேள்வி யாருக்கானது என்று தெரியவில்லை. புதிய, பெரிய வெள்ளைக் கார் தளிச் சாலைப் பக்கம் திரும்பி மறைந்தது.

"சாயந்தரம் வந்து உன்னப் பாத்துக்கறன்" என்றார் அண்ணாதுரை.

"வாங்க. இங்கதான் இருப்பன்."

"நாளைக்கு வராதன்னு சொல்லிட்டன்."

"இன்னிக்கு இருக்குதில்லீங்களா."

அவர் ஈரச் செருப்பை வாசற்படியில் தேய்த்துவிட்டு, சாலையில் இறங்கி ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

மாதேஸ்வரி பெங்களூர்க் கடைக்குப் பேசினாள். பம்ப்பின் உடலில் வார்க்கப்பட்டிருந்த எண்ணை, அவளுக்குத் தெரிந்த கன்னடத்தில், இலக்கம் இலக்கமாக இருமுறை சொன்னாள். பேக்கிங்கும் சேர்த்து அனுப்பச் சொன்னாள். பில்லுக்கு ஷெட்டின் பெயரைக் கொடுத்தாள். எஞ்சினில் பம்ப் இருந்த குழியில் தூசி விழாதபடி சுத்தமான துணியைத் திணித்தாள். பிறகு மண்டியிட்டு அமர்ந்து, பழைய பேக்கிங் ஒட்டியிருந்த விளிம்பை பிளேடால் சுரண்டத் தொடங்கினாள். அவசரப்பட்டால் கீறல் விழும். கீறல் வழியே தண்ணீர் கசியும். பிளேடைப் படுக்கவைத்து, ஒரு விரற்கடை, அடுத்த விரற்கடை என்று போனாள். கருத்த துணுக்குகள் மணிக்கட்டில் விழுந்தன. அவை உரிந்த இடத்தில் அலுமினியம் வெளுத்து, மெல்லிய பிறையாக நீண்டுகொண்டே வந்தது.