ஃபோர்மேனின் தோல் ஜாக்கெட்

அன்று காலையில் நான் என் கணவருக்குச் செய்துகொடுத்த கடைசி வேலை, அவரைத் தலையில்லாமல் படம் எடுத்தது.

எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் ஜெனரேட்டர் அறை ஒன்று இருக்கிறது. பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிற சுவர் அந்த வட்டாரத்தில் அதற்கு மட்டும்தான். அதன் முன்னால் போய், எனக்கு முதுகைக் காட்டி, ஒரு காலைக் கொஞ்சம் முன்வைத்து நின்றார். மேலே பழுப்புத் தோல் ஜாக்கெட். கீழே வாங்கிய நாளிலிருந்து தண்ணீர் படாத ஜீன்ஸ். அதற்கும் கீழே, எந்த மலையிலும் ஏறியிராத மலையேறும் பூட்ஸ்.

"கழுத்துக்கு மேல வேண்டாம். கழுத்துலேருந்து பூட்ஸ் வரைக்கும் வந்தா போதும்."

"மூஞ்சி?"

"மூஞ்சியை யாரும்மா பாக்கப்போறாங்க? முதுகுல மடிப்பு விழுந்திருக்கா பாரு."

"விழுந்திருக்கு. உங்க பஸ்ஸும் போயிருச்சு."

ஓடினார். அந்த பூட்ஸோடு அவர் ஓடுவதைப் பார்த்தால், யாரோ பீரோவை நகர்த்துகிறார்கள் என்று கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். அன்றும் எட்டிப் பார்த்தார்.

மதியம் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தவர், லிஃப்ட் வருவதற்குள் சரிந்துவிட்டாராம். இதயம். ஜாக்கெட் அப்போது அவர் மேல் இல்லை. அவர் மேசையருகே, நாற்காலி முதுகில் மாட்டியிருந்தது. சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக்கூடு, ஒரு குடை ஆகியவற்றோடு அதையும் ஒரு பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டுமென்றார்கள். மகள் அவருடைய போனை எடுத்துத் தேட உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு, "அம்மா, அப்பா போன்ல அப்பாவே இல்லம்மா" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். முதுகுகள், முழங்கைகள், ஒரு பித்தான், அதே பித்தான் வெயிலில், கணுக்கால், ஜிப்பின் பல். எல்லாம் நான் எடுத்தவைதான். ஒன்றில்கூடக் கழுத்துக்கு மேல் எதுவும் இல்லை. கடைசியில் அலுவலக அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கினோம். அதில் அவர், யாரோ தன் பேனாவை எடுத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை என்பதுபோல் முறைத்துக்கொண்டிருந்தார்.

அவர் காப்பீட்டு நிறுவனத்தில் சேதத்தை மதிப்பிடுகிறவர். தீப்பிடித்த கடை, நசுங்கிய கார், நனைந்த சரக்கு எதுவானாலும் போய்ப் பார்த்து, இதில் பழசானதால் வந்த தேய்மானம் இவ்வளவு என்று கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கச் சொல்வார். ஒரு சோபாவின் கையில் நூல் பிரிந்திருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது. பகல் முழுக்க ஊரார் பொருளில் தேய்மானத்துக்குக் கழித்துவிட்டு, மாலையில் தேய்ந்தாற்போல் தெரிகிற ஜாக்கெட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கிற மனிதரோடு நான் குடும்பம் நடத்தினேன். இதை ஒருமுறை அவரிடம் சொன்னேன். "அது வேற, இது வேற" என்றார். எப்படி வேறு என்று கேட்டேன். "அது தேய்ஞ்சது. இது தேய்ச்சது" என்று சொல்லிவிட்டு, பூட்ஸுக்கு மெழுகு போடப் போய்விட்டார்.

அவரை மாதிரி ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது ஒரு வாட்ஸ்அப் குழுவால் எனக்குத் தெரியவந்தது. குழுவின் பெயர் 'கரடுமுரடு'. அந்தக் காலத்து விமானிகள், சுரங்கத் தொழிலாளிகள், மாலுமிகள் உடுத்திய மாதிரி உடுப்புகளைத் தேடித் தேடி வாங்கி, தலையில்லாமல் படம் எடுத்துப் போடும் ஆண்கள். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது, பட்டப்பெயர்தான். பைலட் என்கிறவர் பல் டாக்டர். விமானம் என்றால் பயம், எங்கே போவதென்றாலும் ரயில்தான். சுரங்கம் என்கிறவர் வருமானவரி ஆலோசகர். அவர் பாதாளத்துக்குப் போவதெல்லாம் கார் நிறுத்த. கப்பல் என்கிறவர் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். ஒருமுறை ஏரியில் படகு விட்டபோது வாந்தி எடுத்தாராம். இவர்கள் நடுவில் என் கணவர் ஃபோர்மேன். எங்கள் வீட்டில் ஒரு ஆணி அடிக்கவேண்டுமானால் கீழ்வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவோம்.

சாவுச் செய்தியை மகள் அந்தக் குழுவில் போட்டாள். அஞ்சலிகள் குவிந்தன. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு.' 'கரடுமுரடு ஒரு தூணை இழந்தது.' நடுவில் ஒருவர்: 'ஆழ்ந்த இரங்கல். அண்ணனுக்குத் தோள் அளவு பதினெட்டா, பதினெட்டரையா?'

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் போட்டிருப்பார்.

எனக்கு அந்த ஜாக்கெட் மேல் பெரிய பிரியமெல்லாம் இருந்ததில்லை. அதன் கனத்துக்கும் வாடைக்கும், அது வந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்குள் மூன்றாவது பெரியவர் ஒருவர் குடியிருப்பதுபோல இருக்கும். ஆனால் பையிலிருந்து எடுத்தபோது அதன் கைகள் இரண்டும் முழங்கையில் மடிந்து, மேசைமேல் கையூன்றி யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி இருந்தன. நீட்டிவிட்டாலும் மெல்ல மடிந்துகொண்டன. அவர் அப்படித்தான் உட்காருவார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் இல்லாத வேளைகளில் அந்த ஜாக்கெட் கைக்குள் என் கையை விட்டுக்கொண்டு, அந்த மடிப்பில் என் முழங்கையை வைத்துச் சும்மா உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் பைலட் போன் செய்தார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம குரூப்ல ஒரு வழக்கம் இருக்கு. ஒருத்தர் போயிட்டா, அவரோட பெஸ்ட் ஜாக்கெட் பீரோல தூங்கக் கூடாது. சுற்றுக்கு விட்ருவோம். அளவு ஒத்துவர்ற ஒருத்தர் ஒரு வருஷம் போடுவார், அப்புறம் அடுத்தவர். ஃபோர்மேனும் இதுக்கு ஒப்புக்கிட்டிருக்கார்."

"எப்ப?"

"கட்டைவிரல் போட்டிருக்கார், சிஸ்டர். குரூப்ல இருக்கு."

மகள் தேடிப் பார்த்தாள். இருந்தது. பச்சைச் சட்டைக்கு என்ன காலணி என்ற கேள்விக்கும், சுற்றுக்கு விடுவதற்கும், யாரோ ஒருவருடைய மகன் தேர்ச்சி பெற்றதற்கும் ஒரே கையோடு கட்டைவிரல் போட்டிருந்தார். ஆனாலும் போட்டது போட்டதுதான். அவர் வாக்கு என்றால் எனக்கும் அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வாருங்கள் என்றேன். சொன்னதிலிருந்து, அந்த மடிப்பை வேறொருவர் முழங்கை கலைத்துவிடும் என்பதைத் தவிர என்னால் எதையும் நினைக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். உள்ளே வருவதற்கே கால்மணி நேரமானது. மூவர் காலிலும் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை கயிறு கட்டிய பூட்ஸ். வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு கொக்கியாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அதே நேரம் பார்த்து என் கொழுந்தன் வந்தான். கூரியர் நிறுவனத்தில் பைக்கில் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஆரஞ்சு நிற மழைக்கோட்டோடு, ரப்பர் செருப்பை ஒரு உதறு உதறிவிட்டு மூவரையும் தாண்டி உள்ளே வந்து, "யாரு அண்ணி இவங்க, மிலிட்டரியா?" என்றான்.

"உங்க அண்ணன் கூட்டாளிங்க. மெதுவாப் பேசு."

விஷயத்தைச் சொன்னதும் அவன் யோசித்தான். "வெளியாளுக்கு எதுக்கு? நான் போட்டுக்கறேனே. எனக்கும் குளிருதுல்ல."

எனக்குச் சற்று உயிர் வந்தது. வீட்டுக்குள்ளேயே இருக்கும். அவன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் பைக் ஓட்டுகிறாற்போல் நீட்டினான்.

கூடத்துக்குள் வந்துவிட்ட பைலட்டின் முகம் வெளுத்துப்போனது. "தம்பி, இதைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டுவீங்களா?"

"பின்ன? பைக் ஜாக்கெட்டுதானே?"

"மழை பெஞ்சா?"

"நனையும்."

சுரங்கம் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அவர்கள் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. கொழுந்தன் கையைத் தூக்கிப் பார்த்தான், பாதிக்கு மேல் எழவில்லை. திரும்பிப் பார்த்தான், ஜாக்கெட் திரும்பவில்லை, அவன் மட்டும் உள்ளே திரும்பினான். "என்ன அண்ணி, உரமூட்டையைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. ராத்திரியில மினுக்குற பட்டைகூட இல்ல. லாரிக்காரன் அடிச்சுட்டுப் போயிருவான்." கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஆரஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

பைலட் ஜாக்கெட்டைச் சாப்பாட்டு மேசையில் படுக்கவைத்தார். சட்டைப்பையிலிருந்து பல் பார்க்கிற சின்ன விளக்கையும் ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்தார். மற்ற இருவரும் இருபக்கமும் நின்றார்கள். வாயைத் திற என்று ஜாக்கெட்டிடம் சொல்லிவிடுவாரோ என்றிருந்தது.

நான் மெதுவாகச் சொன்னேன். "எடுத்துட்டுப் போங்க, வேண்டாம்னு சொல்லல. அந்தக் கைல இருக்கற மடிப்பு மட்டும் அவரோடது. அதை எப்படியாவது கலையாம..."

பைலட் நிமிர்ந்தார். நல்ல மனிதர்தான். பல்லைப் பிடுங்குமுன் சொல்கிற குரலில் சொன்னார். "சிஸ்டர், இது அவர் போட்ட மடிப்பு இல்ல. தயாரிக்கிற எடத்துலேயே போட்டு அனுப்புறது. பெரிய டிரம்முக்குள்ள ரப்பர் பந்துங்களோட சுத்தவிட்டு, அப்புறம் ஒரு மாஸ்டர் கையாலயே மடிச்சு சூடு வைப்பார். அருமையான வேலை. இந்த மாடல் எல்லாத்துலயும் இதே எடத்துலதான் இருக்கும்."

போனைத் திறந்து காட்டினார். யாரோ முன்பின் தெரியாத தலையில்லாத ஆள். அதே முழங்கை, அதே மூன்று மடிப்பு, நடு மடிப்பில் அதே வெளிறிய கோடு. இத்தனை நாள் நான் யார் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தபோது, அழுகைக்குப் பதிலாக எனக்குச் சிரிப்புதான் வந்தது. மகள் என் தோளைத் தொட்டாள். அவளுக்கு நான் சிரித்தது பிடிக்கவில்லை.

"பத்துக்கு ஒன்பது மார்க் போடலாம்" என்றார் சுரங்கம். "தையல் பிரியல. லைனிங் பிரமாதம்."

பைலட் காலரைத் தூக்கி உள்பக்கம் விளக்கடித்தார். அப்படியே நின்றார்.

"இங்க பாருங்க."

பிடரி படுகிற இடத்தில், பழுப்புத் தோலில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாக ஏதோ ஊறியிருந்தது. மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

"கிரீஸ்?" என்றார் கப்பல், மூச்சுவிடாமல்.

"இன்ஜின் ஆயில்" என்றார் சுரங்கம். "உள்ள வரைக்கும் இறங்கியிருக்கு. இதெல்லாம் மெஷின்ல வராது. அண்ணன் எங்கேயோ வேலை பாத்திருக்கார். நம்மகிட்ட சொல்லவே இல்ல பாருங்க!"

பைலட் முகர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "ஃபோர்மேன்..." என்றார்.

"அது டை, அங்கிள்" என்றாள் மகள்.

மூவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஹேர் டை. அப்பா அடிச்சிப்பார். அம்மாதான் பின்னாடி தடவிவிடுவாங்க."

அது உண்மை. முன்பக்கம் அவரே போட்டுக்கொள்வார். பிடரி அவருக்கு எட்டாது. ஒரு பழைய டூத் பிரஷ்ஷால் நான் போட்டுவிடுவேன். குளிர்கிறது என்று கழுத்தைச் சுருக்குவார், ஆடாதீங்க என்பேன். கழுவிய பிறகும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் போல. வருடக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக.

சுரங்கம் மேசையிலிருந்து ஒரு அடி பின்வாங்கினார். "அப்ப இது சேதத்துல வரும்."

"நாலு மார்க்" என்றார் பைலட் வருத்தத்தோடு.

கப்பல்தான் வழி சொன்னார். "நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார். மருந்து போட்டு இழுத்துருவார். மேல திரும்பக் கலர் அடிச்சா, எப்படி வந்துச்சோ அப்படியே ஒரிஜினல் ஆயிரும். அப்புறம் சுற்றுக்கு விடலாம்."

நான் காலரின் மேல் கையை வைத்தேன். வைத்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"அவர் ஒப்புக்கிட்டார்னா அது எனக்கும் சரிதான். இப்பவே எடுத்துட்டுப் போங்க. ஆனா இதைக் கழுவக் கூடாது. இப்படியே போடறதா இருந்தா கொண்டுபோங்க. யாரு முதல்ல போடறது?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் நானும் பார்த்தேன். மூன்று தலையும் பூட்ஸ் பாலிஷ் போட்டதுபோல் ஒரே கருப்பு. சுரங்கத்தின் கை தானாகவே போய்த் தன் காலரின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று இறங்கியது.

"எனக்குத் தோள் கொஞ்சம் பெருசு" என்றார் கப்பல்.

"எனக்குக் கை நீளம்" என்றார் சுரங்கம்.

பைலட் விளக்கை அணைத்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும், சிஸ்டர். ஒரு தடவை வழக்கத்தை மாத்திக்கலாம்."

பிறகு அவர்கள் பூட்ஸ் போடவேண்டியிருந்தது. விடைபெற்றுக்கொண்ட பிறகும் கால்மணி நேரம் எங்கள் வாசற்படியிலேயே குனிந்து உட்கார்ந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைச் சாத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். மகள் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், அங்கே வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

அவர்கள் போனதும் ஜாக்கெட்டை உள்ளே கொண்டுபோய், அதற்கென்றே அவர் வாங்கிய தடித்த மர ஹேங்கரில் மாட்டினேன். அது உள்ளே இருந்தால் அலமாரியின் வலதுபக்கக் கதவு நான்கு விரல் அளவுக்குத் திறந்தேதான் நிற்கும். இப்போதும் அப்படித்தான் நிற்கிறது.