அத்தானுக்கு ஒரு ராக்கெட்

அத்தான் மறுபடி டென்னிஸ் ஆட வந்ததில் அக்காவுக்குச் சந்தோஷம், எனக்குத் தலைவலி. அத்தான் பல் டாக்டர். நாள் பூராவும் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்க்கிற வேலை. எதிரில் படுத்திருப்பவர் வாயில் பஞ்சு இருப்பதால் எதிர்ப்பேச்சே கிடையாது. அந்தப் பழக்கம் கோர்ட்டிலும் தொடரும், அவர் ஒருவர்தான் பேசுவார். நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். அக்கா கல்யாணம் ஆன புதிதில் நானும் அவரும் ஜோடியாக ஆடினோம். பிறகு அவர் க்ளினிக் திறந்தார், எனக்கு ஷிஃப்ட் மாறியது, ஆட்டம் தானாக விட்டுப்போனது. அறுபதைத் தாண்டிய பிறகு ஒரு நாள் போன் செய்து, "மாப்ள, ஞாயித்துக்கிழமை காலைல கோர்ட் சொல்லிட்டேன், வந்துடு" என்றார். வர முடியுமா என்று கேட்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

எதிர்ப்பக்கம் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜரும், நாங்கள் 'சுவர்' என்று கூப்பிடுகிற மனிதரும். எதை அடித்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார், அவ்வளவுதான் அவர் ஆட்டம். அன்றைக்கு அத்தானின் பழைய ராக்கெட் சீக்கிரமே பல்லைக் காட்டிவிட்டது. பந்து வந்து பட்டதும் ராக்கெட் அவர் கைக்குள்ளேயே திரும்பிக்கொண்டது. ஒரு பந்து பக்கத்துக் கோர்ட்டுக்குப் போனது. இன்னொன்றுக்கு ராக்கெட்டே கிளம்பிப் போய் வலையில் விழுந்தது. மேனேஜர் மரியாதைக்குச் சிரிக்காமல் இருந்தார். சுவர் சிரித்துவிட்டார்.

திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். அத்தான் வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"க்ளினிக்லயும் இப்படித்தான் ஆகுது மாப்ள. வாய்க்குள்ள விட்டுப் பாக்கிற கண்ணாடி இருக்கில்ல, அது ரெண்டு தடவை நழுவிடுச்சு. நல்லவேளை, கண்ணாடி. வேற எதுவும் இல்ல."

நான் கியரை மாற்றினேன்.

"பழைய ராக்கெட்டப் பிடிச்சுப் பிடிச்சு கை களைச்சுப் போயிருக்கு. நல்லதா ஒண்ணு வாங்கினா சரியாயிடும். ராக்கெட் கைல நின்னுடுச்சுன்னா மத்ததும் நிக்கும். அக்காகிட்ட எதுவும் உளறி வைக்காத."

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிய ஆட்டத்தில் எந்தக் கையும் களைத்துப்போகாது. கண்ணாடி நழுவியது அதற்கும் முன்னால். இதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இன்னொரு டாக்டர் கட்டிய பல்லைப் பார்த்தால் முகம் சுளிக்கிறவர் அவர். க்ளினிக்கில் ஜூனியராக ஒரு டாக்டரம்மா வந்து எத்தனையோ காலம் ஆகியும் பல் பிடுங்குகிற வேலையை மட்டும் அந்த அம்மாவிடம் விட்டதில்லை. அந்தக் கை போய்விட்டது என்றால் அத்தானிடம் பாக்கி என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் சரி, ராக்கெட்டே பார்ப்போம் என்றேன்.

கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. கீழே செருப்புக் கடை, மேலே சுவர் முழுக்க ராக்கெட். கடைக்காரர் வாய் ஓயாத மனிதர். யார் வந்தாலும் "இது உங்களுக்குன்னே வந்த மாதிரி இருக்கு" என்பார், அன்றைக்கு எது விற்காமல் நிற்கிறதோ அதை எடுத்துக் கொடுத்து. ஆனால் ஒரு நல்ல வழக்கம் வைத்திருந்தார். ட்ரையல் ராக்கெட் என்று தனியாகச் சில உண்டு. வீட்டுக்கு எடுத்துப்போய் ஆடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.

அத்தானைப் போன்றவரிடம் அந்த வசதியைக் கொடுத்திருக்கக் கூடாது. முதலில் எடுத்தது கனமானது, தலை சின்னது. இளவயதில் ஆடியது அந்த மாதிரிதானாம், அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை அது கைக்குள் திரும்பியது. "பேலன்ஸ் சரியில்ல" என்றார். அடுத்தது இறகு மாதிரி லேசு. அதுவும் திரும்பியது. "ரொம்ப லேசு மாப்ள, பந்து தள்ளிடுது." மூன்றாவதில் பின்னியிருந்த நரம்பு தளர்வு. நான்காவதில் நரம்பு இறுக்கம். அதற்கடுத்ததன் நிறம் கண்ணைக் கூசுகிறது என்றார். ஒவ்வொரு முறையும் கடைக்காரர் முகம் வாடாமல் வாங்கி வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கொடுத்தார். சுவருக்கு ஒரே கொண்டாட்டம். "டாக்டர், இந்த வாரம் எந்தப் பொண்ணப் பாத்திருக்கீங்க?" என்று கேட்பார். பெண் பார்க்கப் போய்ப் பலகாரம் மட்டும் சாப்பிட்டுவிட்டு வருகிற குடும்பம் போல நாங்கள் அந்தக் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தோம்.

என் தொழிலில் இப்படி ஆட்களைத் தினமும் பார்க்கிறேன். லிஃப்ட் மேலே மாட்டிக்கொண்டிருக்கும். கீழே நிற்பவர் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவார். பட்டன் நன்றாகத்தான் இருக்கும். அவரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வருகிறது. அத்தானிடம் வரவில்லை.

வரவில்லை என்பதோடு விட்டிருக்கலாம். நான் உதவி வேறு செய்தேன். ராக்கெட் பிடியின் மேல் சுற்றுகிற டேப் கடையில் கிடைக்கும். வியர்வை உறிஞ்சும், பிடியைத் தடிமனாக்கும். நீல நிற டேப் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அத்தான் அதை ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றினார். பிடி தடித்துப் போய், பார்க்கக் கண்றாவியாக இருந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ராக்கெட் திரும்பவில்லை. சுவர் காலடியில் ஒரு பந்தைப் போட்டு அவரையே தடுமாற வைத்தார் அத்தான். வழியெல்லாம் அதைப் பற்றியே பேச்சு. "பாத்தியா? கைல ஒண்ணும் இல்ல. பிடிதான் சின்னதா இருந்திருக்கு. இத்தன நாளா யாருக்கும் தோணல பாரு." குழந்தை மாதிரி இருந்தார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். மிச்ச டேப்பையும் அவரே எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு என் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன் என்று சொல்லலாம், ஆனால் கடிக்கவும் முடியவில்லை. கன்னம் வீங்கியதும் க்ளினிக்குக் கிளம்பினேன்.

உள்ளே நுழைந்ததுமே கருகல் நாற்றம். அக்கா முன்மேஜையில் இல்லை. க்ளினிக்கின் கணக்கு வழக்கு, சாவி, சண்டை எல்லாம் அவள் பொறுப்பு. பின்னறையில் கருவிகளை ஆவியில் சுத்தம் செய்கிற ஸ்டெரிலைசர் முன்னால் இடுக்கியோடு நின்றிருந்தாள்.

"டேய், இதப் பாரு. என்னத்தையோ உள்ள போட்டிருக்காங்க. உருகி ஒட்டிப்போய்க் கிடக்கு. அந்த டாக்டரம்மாவக் கேட்டா நான் இல்லங்கறா. இவர் வாயத் தொறக்க மாட்டேங்கறார்."

இடுக்கியின் நுனியில் பல் பிடுங்குகிற குறடு ஒன்று இருந்தது. கைப்பிடி முழுக்கக் கரிய பசை. ஒரு மூலையில் மட்டும் டேப் உருகாமல் மிச்சம் இருந்தது. நீலம்.

நான் வாங்கிக் கொடுத்த நீலம். அவர் ராக்கெட்டோடு நிறுத்தவில்லை, குறட்டுக்கும் பிடி கட்டியிருக்கிறார். வேலை முடிந்ததும் கழற்ற மறந்து உள்ளே போட்டுவிட்டார். ஊரில் வேறு எந்தப் பல் டாக்டருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

"என்னடா முழிக்கற? பல் வலியா?"

"ஆமா" என்றேன். அது பொய் இல்லை.

அதற்குள் உள்ளே இருந்து அத்தான் குரல் கொடுத்தார். நான் போய் நாற்காலியில் சாய்ந்தேன். டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்து மாட்டிவிட்டு ஓரமாக நின்றார். அத்தான் அதைப் பார்த்து, "காப்பாத்த முடியாது மாப்ள, எடுத்துடணும்" என்றார். மரத்துப்போக ஊசி போட வேண்டும். தட்டில் ஊசி தயாராக இருந்தது. கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இது பேலன்ஸே இல்ல. வேற குடும்மா."

டாக்டரம்மா வேறு ஒன்றைக் கொடுத்தார். அதையும் பிடித்துப் பார்த்தார். விளக்கு நேராக என் முகத்தில் விழுந்ததால் ஊசியின் நுனி எனக்கு நன்றாகத் தெரிந்தது. அது ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"இது ரொம்ப லேசா இருக்கு" என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. நான் பயப்படுவது அவருக்குத் தெரிந்துவிடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம். என் பல்லை இந்த மனிதரைத் தவிர யாரும் தொட்டதில்லை. இப்போது வாயைத் திறந்தால், நடப்பது நடக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொள்ளலாம். அவர் மனசு நோகாது. ஆனால் எனக்கு அடுத்ததாக வெளியே ஒரு அம்மா பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பிள்ளைக்கு டென்னிஸ் பற்றி எதுவும் தெரியாது.

"வாயத் தொற."

நான் திறக்கவில்லை.

"தொற மாப்ள. எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்."

"மாட்டேன் அத்தான்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன், அக்கா காதில் விழக்கூடாது என்று.

"ராக்கெட் மேல எதுவும் தப்பில்ல அத்தான். எல்லாமே நல்ல ராக்கெட்."

ஊசியைத் தட்டில் வைத்தார். வைக்கும்போது அது தட்டில் பட்டுக் கடகடவென்று ஓசை எழுந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டோம். கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். கை கழுவினார், துடைத்தார், எக்ஸ்ரேயை மறுபடி பார்த்தார். அப்புறம் டாக்டரம்மாவிடம், "நீயே எடுத்துடும்மா. வேர் கொஞ்சம் வளைஞ்சிருக்கு, பாத்துக்கோ" என்று சொல்லி, நாற்காலிக்குத் தலைமாட்டில் போய் நின்றுகொண்டார். பல் வெளியே வருகிறவரை அங்கேயே நின்றார். எனக்கு வலிக்கவில்லை, ஆனால் கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்து காரணமாக இருக்கும் என்று டாக்டரம்மா துடைத்துவிட்டார்.

அக்காவிடம் அவர் எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நரம்பு டாக்டரிடம் இருவருமாகப் போய் வந்தார்கள். நடுக்கத்தை மருந்தால் குறைக்கலாம், பழைய கை திரும்பாது, நடக்கலாம், ஆடலாம், வாய்க்குள் கருவி பிடிக்கிற வேலை மட்டும் வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அக்கா இதை என்னிடம் போனில் சொன்னாள், பால்காரர் வரவில்லை என்று சொல்கிற குரலில். சொல்லி முடித்து, "உனக்கு முன்னாடியே தெரியுமாமே" என்றாள். தெரியும் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் அத்தானே போன் செய்தார். கடைக்குப் போக வேண்டுமாம். இந்த முறை அக்காவும் வந்தாள். மாடிப்படி ஏறும்போது அத்தான் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறினார், முன்பெல்லாம் பிடிக்க மாட்டார். எங்களைப் பார்த்ததும் கடைக்காரர் வழக்கம்போல ஒன்றை உருவினார்.

"வாங்க டாக்டர், நேத்துதான் வந்துது. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி..."

"கொஞ்சம் இருங்க" என்றார் அத்தான். வலது கையை நீட்டிக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார். விரல்கள் கண்ணாடியில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. "எனக்குக் கை நடுங்குது. இறுக்கிப் பிடிக்க முடியல. பந்து பட்டா ராக்கெட் திரும்பிடுது. இப்படிப்பட்ட ஆளுக்கு எது சரிப்படும்? நீங்களே சொல்லுங்க."

அந்தக் கடையில் அவர் கேள்வி கேட்டு அன்றுதான் பார்த்தேன். கடைக்காரர் கையிலிருந்ததைத் திரும்ப மாட்டினார். உள்ளே போய், தலை பெரிதாக, பிடி தடிமனாக, பார்க்க அழகே இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். எப்போதும் போல, "ஒரு வாரம் ட்ரையலுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாருங்களேன்" என்றார்.

"வேணாம், இதையே போட்டுடுங்க" என்றார் அத்தான். "எதை எடுத்துட்டுப் போனாலும் பிடிக்கப்போறது இந்தக் கைதான்."