பிரிவால் வாடுவோர்

அன்று மாலை கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி நவமணி, மகள் ஷீலா, மருமகன் தயாளன். மறைந்த என் மகன் சசிதரனின் மனைவி நளினி, சமையலறையில் படையல் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தாள். அவளை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

நாளை மறுநாள் சசியின் மூன்றாம் ஆண்டு நினைவு நாள். குலிம் சாலையில், கொட்டும் மழையில், அவன் மோட்டார் சைக்கிள் ஒரு லோரிக்கு அடியில் போன நாள். ஆண்டுதோறும் பத்திரிகையில் படத்தோடு நினைவஞ்சலி போடுகிறோம். அடியில் ‘பிரிவால் வாடும்’ என்று எழுதி, குடும்பத்தார் பெயர்களை வரிசையாகப் போட வேண்டும். எங்கள் ஊர் பாடாங் செராயில் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் யாரும் கோப்பியைத் தொடமாட்டார்கள். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை, இல்லாதவர் செத்தாரா சண்டையா என்பதெல்லாம் பசியாறி முடிப்பதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும்.

“மாமா, போன வருஷம் போட்டதையே போட்டுறலாம்லா. மூனுன்னு மாத்துனா போதும்” என்றார் தயாளன்.

“அண்ணி பேரு?” என்றாள் ஷீலா.

சமையலறையில் துலக்கும் சத்தம் நின்றது.

“போடுற வழக்கம் இல்ல” என்றேன்.

நளினி வேறு சாதி. சுங்கைப்பட்டாணியில் பதிவுத் திருமணம் செய்து, மாலையும் கழுத்துமாக வந்து நின்றார்கள். வாசலை அடைக்கவில்லை, அது எங்கள் பெருந்தன்மை. ஆனால் அச்சில் ஏற்றினால், என் அப்பா காலத்திலிருந்து காத்த பெயர் என்ன ஆவது? சென்ற இரண்டு ஆண்டும் சசி கல்யாணம் ஆகாதவனாகவே பத்திரிகையில் சிரித்தான்.

“ஏங்க, ஆஸ்பத்திரில அவன் உடம்ப வாங்க கையெழுத்துப் போட்டது யாரு?” என்றாள் நவமணி. “அந்தப் பாரத்துல மனைவின்னு எழுதுனப்ப வழக்கம் இல்லன்னு தடுத்தீங்களா?”

“அது வேற.”

“ஆமாமா, வேறதான். அத ஊர் படிக்காதுல்ல.”

நளினியை விட்டு மற்றவர் பெயர்களைச் சொன்னேன், தயாளன் கைப்பேசியில் தட்டி, பத்திரிகை முகவர் அழகேசனுக்கு அனுப்பினார். பாத்திரம் துலக்கும் சத்தம் மறுபடி கேட்டது, முன்பைவிட மெதுவாக.

நினைவு நாளன்று காலை எட்டு மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பக்கத்து ஊர் கரங்கானிலிருந்து என் பெரியம்மா மகன் பழனியாண்டியும் அவன் மனைவி செல்லாயியும். அவன் கையில் ஆள் உயர ரோஜா மாலை. செல்லாயி கேட்டிலேயே தொடங்கிவிட்டாள்.

“அக்காவ்! எங்கள விட்டுட்டுப் போயிட்டியே அக்காவ்!”

நவமணி விளக்குமாறும் கையுமாக வெளியே வந்தாள்.

“யாரு செல்லாயி போனது?”

செல்லாயி வாயை மூட மறந்தாள். “நீதான்கா!”

“நானா? எப்ப?”

“பேப்பர்ல உங்க பேரு இல்லியே அண்ணி” என்றான் பழனியாண்டி. மாலையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. “பசார்ல எல்லாரும் அதான் பேசுறாங்க. போன் பண்ணிக் கேட்டா மரியாத இல்லன்னுட்டு நேரா வந்துட்டோம்.”

பத்திரிகையை விரித்தேன். அப்பா சீனிவாசகம், தங்கை ஷீலா, மைத்துனர் தயாளன். அவ்வளவுதான். அம்மா இல்லை.

அழகேசனைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

“அண்ணே, அக்காதான் போன் பண்ணி எடுக்கச் சொன்னாங்க. ரெண்டு தடவ கேட்டேன்லா. ‘எடுத்துரு தம்பி, அது என் பேருதானே’ன்னாங்க.”

நவமணி குப்பையை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“பெத்தவ பேரு இல்லாம ஒரு நாளு இருந்து பார்த்தேன். செத்துட்டாள்னு மாலையே வந்துருச்சு. அந்தப் புள்ள ரெண்டு வருஷமா இப்படித்தாங்க இருக்கா. அவளுக்கு யாரு மாலை கொண்டாந்தா?”

அதற்குள் இரண்டு கார்களும் ஒரு மோட்டாரும் வந்துவிட்டன. வந்தவர்களுக்கெல்லாம் செத்தவளே கோப்பி கொடுத்தாள். பழனியாண்டியின் மாலையைச் சசியின் படத்துக்குப் போட்டோம், தரையைத் தொட்டது. சர்க்கரைப் பொங்கலை இறக்கிவிட்டு வந்த நளினி, படத்தின் முன் நின்று அதை இரண்டு மடிப்பாக மடித்துக் கட்டினாள். யாரையும் பார்க்கவில்லை.

எனக்கு எழுபத்திரண்டு வயது. யார் சொல்லியும் ஒரு சொல்லை நான் மாற்றியதில்லை. அன்றும் யாரும் சொல்லவில்லை. பேனாவை எடுத்தேன். மறுநாள் பத்திரிகையில், அதே பக்கத்தில், அதே அளவில் வந்தது:

‘திருமதி நவமணி சீனிவாசகம் காலமானார் என்று பாடாங் செராயிலும் கரங்கானிலும் பரவிய செய்தி பொய். அவர் நலமாக இருக்கிறார். அமரர் சசிதரன் திருமணமாகாதவர் என்று தோன்றும்படி சென்ற இரண்டு ஆண்டுகளும் நேற்றும் நாங்கள் வெளியிட்டதும் பொய். அவர் மனைவி பெயர் நளினி.

- சீனிவாசகம்’