கட்டைவிரலுக்குத் தெரிய வேண்டும்

ஆறாவது முறையாகத் துப்பாக்கி திரும்பி வந்தது. வரைபடத்தின் குறுக்கே குழுத்தலைவி சிவப்பில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்: ‘பொம்மை.’

அந்தக் கணினி விளையாட்டில், பனி மூடிய ஏதோ ஒரு கோளில் காலாட்படை நடந்து போய்ச் சண்டை போடும். முந்நூறு வருடம் கழித்து நடக்கும் கதை. அந்த வீரர்களின் ஆயுதங்களை வரைவது அவன் வேலை. எந்நேரமும் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பதால் அலுவலகத்தில் அவனுக்குக் கிறுக்கன் என்று பெயர். அன்றைக்கு அதன் இரண்டு அர்த்தமும் பொருந்தியது. உட்கார்ந்தால் எழுந்தான்; எழுந்தால் தண்ணீர் குடித்தான்; குடித்த கையோடு மறுபடி உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமை சோதனை ஆட்டம். நடுவில் மூன்றே நாள்.

அட்டையில் செய்த மாதிரித் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்குப் போனான். அக்கா இருந்தாள். இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அதற்கு முன் ஏழு வருடம் காலாட்படை. திரும்பி வந்த நாலு வருடத்தில் அவளும் எதுவும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தான்.

“அக்கா, இதைக் கொஞ்சம் பிடிச்சுப் பாரேன்.”

துணி மடித்துக்கொண்டிருந்தவள் வாங்கினாள். வாங்கிய நொடியில் அவள் நிற்கிற விதமே மாறியது. துப்பாக்கியின் முனை தரையைப் பார்த்தது. சுட்டுவிரல் விசையைத் தொடாமல் பக்கவாட்டில் நீண்டு படுத்துக்கொண்டது. வெறும் அட்டைதான். ஆனாலும் அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

“இந்த நீலக் கோடு என்னடா?”

“விளக்குக்கா. எரியும்.”

“எதுக்கு? இங்கதான் இருக்கேன், சுடுங்கன்னு சொல்றதுக்கா?”

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

“குளிருங்கிறே. கையுறை போட்ட விரல் இந்த விசை ஓட்டையில நுழையுமா? தோள்ல மாட்ட வார் எங்க? நாள் பூரா இடுப்புல குழந்தை மாதிரி சுமக்கணுமா?” அவன் மளமளவென்று குறித்துக்கொண்டான். “சரி, காலியானா எப்படித் தெரியும்?”

“திரையில ஓரமா ஒரு எண் வரும்.”

“அது விளையாடுறவனுக்கு. பிடிச்சிருக்கிறவளுக்கு?”

அக்கா கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்கூட ஒருத்தி இருந்தா. குள்ளின்னு கூப்பிடுவோம். ஒருநாள் அவளோடது காலி, அவளுக்குத் தெரியல. ரெண்டு தடவை அழுத்தினா. மூணாவது தடவை அழுத்தல. என்னைத் திரும்பிப் பார்த்தா.”

அட்டையை மேசையில் வைத்துவிட்டு, மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

“இதை வச்சு வரையட்டுமா?” கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“துப்பாக்கியை வரை. அவளை வரையாதே.”

மூன்று நாளும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. விளக்கை எடுத்தான், வார் வைத்தான், விசை ஓட்டையை அகலமாக்கினான். பிடியில் ஒரு சின்ன முளை. அது மின்சாரத்தில் சுடும் துப்பாக்கி; மின்சாரம் குறையக் குறைய முளை உள்ளே அமுங்கும். கட்டைவிரலால் தடவினால் தெரிந்துவிடும். திரையில் எண் கிடையாது. விளையாடுகிறவன் ஒரு பொத்தானை அழுத்தினால், திரையில் வீரனின் விரல் முளையைத் தடவும்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேர் விளையாடினார்கள். அறை முழுக்க ஆட்கள் பின்னால் நின்றார்கள். சண்டை மும்முரத்தில் ஒருவன் முளையைத் தடவவே மறந்துபோனான். அழுத்தினான், சுடவில்லை. மறுபடி அழுத்தினான். பிறகு அவனுடைய வீரன் மெதுவாகத் தன் கூட்டாளியின் பக்கம் திரும்பினான். அதோடு அவன் ஆட்டம் முடிந்தது.

அறையே கைதட்டியது. “இதுதான்! இதையே விளம்பரத்துல போடுவோம்!” என்றாள் குழுத்தலைவி.

அவன் கைதட்டவில்லை. “கால்வாசி இருக்கும்போதே முளை அதிர்ற மாதிரி மாத்திடுறேன். யாரும் தெரியாம மாட்டிக்க வேண்டாம்.”

“பயமில்லாம என்னங்க விளையாட்டு? அப்படியே இருக்கட்டும்.”

“விளம்பரத்துலயாவது வேண்டாம்.”

ஏன் என்று கேட்டாள். அவன் மேசையிலிருந்த வரைபடத்தைக் குப்புறத் திருப்பி வைத்தான். கடைசியில், “சரி, விளம்பரத்துக்கு வேற பார்ப்போம்,” என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்த்து.

சாயங்காலம் அக்காவின் பேருந்தில் ஏறி, அவள் இருக்கைக்குப் பின்னாலேயே உட்கார்ந்தான். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கியதும் நடந்ததைச் சொன்னான்.

“நான் வரையலக்கா. அவளா வந்துட்டா.”

அக்கா கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள்.

“தோத்ததும் அந்தப் பையன் என்ன பண்ணான்?”

“சிரிச்சான். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சான்.”

“சிரிச்சானா?” சாவியைத் திருகினாள். “போகட்டும். குள்ளியும் சும்மா சும்மா சிரிக்கிறவதான். எங்க இறங்கணும் உனக்கு?”

“தெரியலக்கா. நீ ஓட்டு.”

கதவு மூடியது. அடுத்த நிறுத்தம் வருவதற்குள், குள்ளி எந்த ஊர்க்காரி என்று அவன் கேட்டான். அவள் சொல்லத் தொடங்கினாள்.