காயாத கனவான்கள்

எங்கள் பிட்கார்வி ஊரின் கோல்ஃப் கழக உறுப்பினர்கள் உடுத்தும் துணி எதுவும் 1842 மே மாதத்துக்குப் பிறகு காயவில்லை. அதற்கு முன் பல தலைமுறைகளாகக் கடலோரப் புல்வெளியில் ஆண்கள் பந்தடித்தார்கள், பெண்கள் ஊர்த்துணியைத் துவைத்து விரித்தார்கள். ஸ்காட்லாந்தின் அரசர்கள் அந்த ஆட்டத்தைத் தடைசெய்து பார்த்து, முடியாமல் தாங்களே ஆடத் தொடங்கிய வரலாறு எங்களுடையது. அதெல்லாம் தனக்காகவே நடந்தது என்று நம்பியவர் கழகத் தலைவர் சர் லூடோவிக் ஆர்னட். ஒருநாள் அவர் அடித்த பந்து, சலவைக்காரி கிரிசல் இம்ரி விரித்திருந்த போர்வையில் விழுந்தது. அவள் எடுத்து நீட்டினாள். தன் பந்தைத் தொட்டுவிட்டாளே என்று அவருக்கு முகம் சிவந்தது.

"இனிமே ஒரு கைக்குட்டைகூட இங்க காயக்கூடாது."

"அப்போ எங்கதான் போடறதுங்க?"

"அது என் கவலை இல்ல."

மறுநாள் பெண்களைத் துரத்தினார்கள். கிரிசல் மீனவர் துணிகளைத் துறைமுகச் சுவரில் போட்டாள், அவை காய்ந்தன. கனவான்களின் சட்டைகள் மட்டும், அடுப்புக்கு மேல் தொங்கவிட்டாலும் சொட்டின. புதிதாகத் தைத்த கோட்டும் உடம்பில் ஏறியதும் நனைந்தது. பெரிய வீடுகள் கிரிசலுக்கு வேலை தருவதை நிறுத்தின. மீன் கொட்டகையில் ஹெரிங் அறுத்து அவள் விரல்கள் வெடித்தன. சூனியமா என்று பாதிரியார் வந்து விசாரித்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க ஐயா. காயப்போட எடமில்லாட்டி துணி எப்படிக் காயும்?"

சூனியம் இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அவர் போனார்.

மூன்றாம் குளிர்காலத்தில் சர் லூடோவிக்கின் மனைவி மார்ஜரி சீமாட்டி கொட்டகைக்கே வந்தாள்.

"விடிய விடிய இருமறாரு கிரிசல். ஒரே ஒரு சட்டை காயவெச்சுக் குடேன்."

கிரிசல் கத்தியைக் கீழே வைத்தாள். "ஓடையோரம் ஒரு துண்டுப் புல்லு விடச் சொல்லுங்கம்மா. இன்னிக்கே விரிக்கிறேன்."

கழகம் கூடியது. கனவான்கள் தும்மிக்கொண்டே, ஒருமனதாக, ஒரு பிடிப் புல்லும் தருவதில்லை என்றும் ஈரமே கனவானுக்கு அழகு என்றும் தீர்மானித்தார்கள். முதலில் உயர்ந்த கை சர் லூடோவிக்குடையது. அந்த மாதமே இறந்தார். சவப்பெட்டி கல்லறை வரை சொட்டிக்கொண்டே போனது. மார்ஜரியின் கறுப்பு உடையைக் கிரிசல்தான் துவைத்தாள்; துறைமுகச் சுவரில் அது மதியத்துக்குள் காய்ந்துவிட்டது.

இப்போது உலகெங்குமிருந்து பணக்காரர்கள் வருகிறார்கள். உறுப்பினராகப் பல ஆண்டுகள் காத்திருந்து, சேர்க்கப்பட்ட அன்று கோட்டு நனைந்ததும் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்கள். கழக வாசலில் நிற்கும் காவலாளி ஒவ்வொருவர் தோளையும் தொட்டுப் பார்ப்பார். காய்ந்திருந்தால், "ஐயா உறுப்பினர் இல்லீங்களே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.