ரயிலின் பின்பாதி

பாரிஸில், லாச்சப்பலில் விமான ரிக்கெற்றும் ரயில் ரிக்கெற்றும் விற்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். என் பெயர் இராஜதுரை. ஆட்களைக் கொழும்புக்கும் சென்னைக்கும் அனுப்பி அனுப்பி, உலகத்தின் எந்த மூலைக்கும் மலிவாகப் போகும் வழி எனக்கு மட்டுமே தெரியும் என்றொரு நினைப்பு எனக்குள் வளர்ந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு நிறுத்துகிற ஆள் நான் இல்லை. கேட்காததற்கும் சேர்த்துத்தான் சொல்வேன். பக்கத்து மேசையில் வேலை செய்யும் மேரிறோஸ், நான் பேசத் தொடங்கினால் எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வருவாள். அப்போதும் நான் முடித்திருக்க மாட்டேன்.

ஆனி மாதத்தில் இரத்தினத்துக்கு அறுபது வயது. பாரிஸுக்கு வந்த புதிதில் மார்க்ஸ் டோர்மோயில் ஒரே அறையில் நெருக்கியடித்துக் கிடந்த காலத்தில் என் மெத்தையில் பாதி அவனுடையது. பிறகு நிரஞ்சலாவைக் கட்டிக்கொண்டு டென்மார்க்குக்குப் போனவன், ஹேர்னிங் என்ற ஊரில் வீடு வாங்கி, "வா, வா" என்று வருடா வருடம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இந்த முறை போவதென்று முடிவானது.

"பிளேனிலை போனால் ரெண்டு மணித்தியாலம்" என்றாள் என் மனைவி பூரணி.

"பிளேனிலை போய் என்னத்தைப் பாக்கிறது? மேகத்தையோ?"

உண்மை என்னவென்றால், வேகமான ரயில் எதிலும் ஏறாமல், ஊருக்கு ஊர் நின்று போகும் ரயில்களை மட்டும் பிடித்து டென்மார்க் வரை மலிவாகப் போக ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். கண்டுபிடித்ததை யாராவது போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை. மிச்சம் இருந்தது பூரணிதான்.

முதல் நாள் காலை கார் து லெஸ்ற் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். அந்த ரயில் நிற்காத ஊர் இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் நான் விளக்கம் கொடுத்தேன். பூரணி கட்டிக்கொண்டு வந்த பாணும் சம்பலும் ஸ்ட்ராஸ்பூர்க் வரமுன்னரே முடிந்துவிட்டன. ஜெர்மனிக்குள் போனதும் ரயில் மாறுவதே வேலையாகிவிட்டது. ஒரு மேடையில் இறங்கி, படி இறங்கி, படி ஏறி, அடுத்த மேடைக்கு ஓட வேண்டும். பூரணி கைப்பையோடு சுறுக்காகப் போய் ரயில் வாசலில் நிற்பாள். நான் இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி வந்து சேர்வேன். ஓரிடத்தில் பந்தாட்டம் பார்த்துவிட்டு வந்த கூட்டம் ஏறியது. கழிவறை வாசலில் பெட்டியின் மேல் குந்தியிருந்தபடியே, "இப்பிடித்தான் சனத்தோடை சனமாய்ப் பயணம் செய்யோணும்" என்றேன்.

அன்றிரவு முதுகுப்பைக்காரப் பொடியள் தங்கும் விடுதி ஒன்றில் படுத்தோம். எனக்குக் கிடைத்தது மேல் கட்டில். விடிய எழும்பியபோது இறங்க முடியவில்லை. இடுப்பு பிடித்துவிட்டது. இரண்டு ஸ்பெயின் மாணவர்கள் என்னை அலுமாரி இறக்குவது போல இறக்கி நிலத்தில் வைத்தார்கள்.

இரண்டாம் நாள் பின்னேரம் ஹம்பேர்க். அங்கிருந்து எல்லை ஊரான ஃபிளென்ஸ்பூர்க்குக்கு ஒரு ரயில், அங்கால் டென்மார்க். கேக் வெட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ரயில் வந்தபோது மேடை முழுக்கச் சனம்.

"நீ முன்னுக்கு ஏறு. நான் பெட்டியளோடை பின்னுக்கு ஏறி உள்ளாலை நடந்து வாறன்" என்றேன். அவள் கைப்பையையும் சாப்பாட்டுப் பையையும் தூக்கிக்கொண்டு ஏறினாள். ரிக்கெற்றுகள், கடவுச்சீட்டு, என் சீனி வருத்தக் குளிசைகள் எல்லாம் கைப்பையில்.

ஏறிய பிறகுதான் தெரிந்தது, முன்பாதியும் பின்பாதியும் தனித்தனி ரயில்கள், கொளுவி விட்டிருக்கிறார்கள், உள்ளே வழி இல்லை. பரவாயில்லை, ஒன்றாகத்தானே போகிறோம் என்று இருக்கை தேடினேன். அப்போது தமிழ் கேட்டது.

இளம் சோடி. அவன் தனோஜன், அவள் சாம்பவி. ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். கோடை விடுமுறைக்குப் பாரிஸ் வர யோசிப்பதாக சாம்பவி சொன்னதுதான் தாமதம், எதிரே இருந்து தொடங்கிவிட்டேன். எந்த மாதம் ரிக்கெற் எடுக்க வேண்டும், எந்த ஸ்டேஷனில் இறங்கக் கூடாது, வேகமான ரயிலில் போகிறவன் எப்படி ஏமாளி. ஒரு ஊரில் ரயில் நின்றது. ஒலிபெருக்கியில் ஜெர்மனில் ஏதோ நீளமாகச் சொன்னார்கள்.

"அங்கிள், நீங்கள் எங்கை போ..." என்று தனோஜன் தொடங்கினான்.

"பொறும் தம்பி, இதைச் சொல்லி முடிச்சிடுறன்."

சொல்லி முடித்தேன். ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்கள் கீலிலை ஆரிட்டை போறியள் அங்கிள்?"

"கீலோ? நான் ஃபிளென்ஸ்பூர்க் எல்லோ போறன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சாம்பவி மெதுவாகச் சொன்னாள். "அங்கிள், ட்ரெயின் ரெண்டாய்ப் பிரிஞ்சிட்டுது. முன்பாதி ஃபிளென்ஸ்பூர்க் போகுது. இது கீல் போகுது. அதைத்தான் அறிவிச்சவை."

அந்த நேரம் பார்த்து ரிக்கெற் பரிசோதகர் வந்தார். தனோஜன் எழுந்து நின்று ஜெர்மனில் என் கதையைச் சொன்னான். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஜெர்மன்காரர் சிரிக்க மாட்டார்கள் என்று கடையில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ரயில்பெட்டி முழுக்கச் சிரித்தது. பரிசோதகர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

என் தொலைபேசியில் சார்ஜ் இல்லை. சாம்பவி தன்னுடையதைத் தந்தாள். பூரணியின் இலக்கத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. இத்தனை வருடமாக அவள் பெயரைத் தொட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே இலக்கம், ஊரெல்லாம் விளம்பரம் செய்த என் கடையின் இலக்கம்.

"அலோ, எங்கை போகோணும்?" என்றாள் மேரிறோஸ்.

"நான்தான். துரை."

"அண்ணையோ? டென்மார்க் போய்ச் சேந்திட்டியளோ?"

"ரயில் கொஞ்சம் மாறிப்போச்சு. பூரணியின்ரை நம்பரைச் சொல்லும்."

"ஆர் மாறினது அண்ணை? ரயிலோ, நீங்களோ?" என்றாள். பின்னால் வாடிக்கையாளர்கள் யாரோ சிரிப்பது கேட்டது. அன்று கடை பூட்டமுன்னர் செய்தி அடுத்த மெத்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட் வரை போயிருக்கும்.

மேரிறோஸ் சொன்ன இலக்கத்துக்கு அடித்தேன். பூரணி எடுத்தாள்.

"எங்கையப்பா நிக்கிறியள்?"

"கீல்."

"அது எங்கை கிடக்கு?"

"அதை விடு. ரெண்டு தமிழ்ப் பிள்ளையளின்ரை ஃபோனிலை கதைக்கிறன். நீ ஃபிளென்ஸ்பூர்க்கிலை இறங்கி அசையாமல் நில். உனக்கு வழி தெரியாது. நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"நான் ஏன் நிக்கோணும்? ரிக்கெற் என்னட்டை இருக்கு. வாய் இருக்கு. கேட்டுக் கேட்டுப் போறன். இரத்தினம் அண்ணை கேக் வெட்டப்போறார்." குரல் சற்றுத் தணிந்தது. "உங்களை நினைக்கத்தான் பயமாக் கிடக்கு. குளிசையும் என்னட்டை. அந்தப் பிள்ளையளிட்டை ஃபோனைக் குடுங்கோ."

அவர்கள் என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. இந்த மனுசனை இன்றைக்கு எங்கேயும் விட வேண்டாம், இனிப்புக் கொடுக்க வேண்டாம் என்பது மட்டும் முடிவாகியிருந்தது. தனோஜன் வீட்டில் அவனுடைய சாரத்தைக் கட்டிக்கொண்டு, சாம்பவி அவித்த புட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஹேர்னிங்கிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. பூரணி சேலை மாற்றி, தலைவாரி, கூட்டத்தின் நடுவே நின்றாள். இரத்தினம் ஒரு துண்டு கேக்கைத் திரைக்கு அருகே நீட்டி, "ஆ காட்டு மச்சான்" என்றான். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, நானும் வாயைத் திறந்தேன்.

எல்லோரும் படுத்த பிறகு சோபாவில் கிடந்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. அவளைப் பற்றிப் பயப்பட முயன்றுகொண்டே இருந்தேன். பயப்பட அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் தனோஜன் புது ரிக்கெற் எடுத்துத் தந்து, என்னைச் சரியான ரயிலில் ஏற்றி, பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மாவிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னான். அந்த அம்மா ஃபிளென்ஸ்பூர்க் வரும்வரை என்னைவிட்டுக் கண் எடுக்கவில்லை. நான் கழிவறைக்கு எழுந்தபோதும் எழுந்து நின்று பார்த்தார். அங்கே இறங்கி, டென்மார்க் போகும் ரயிலின் கதவு வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டுத்தான் போனார். அதிலிருந்து வழி முழுக்க ஒவ்வொரு மேடையிலும் இரண்டு பேரிடமாவது கேட்டு உறுதி செய்தேன். ஒருவருக்கும் ஒரு விளக்கமும் கொடுக்கவில்லை.

ஹேர்னிங்கில் இரத்தினம் மேடையிலேயே நின்றான். தலைமயிர் எல்லாம் போய்விட்டது. கட்டிப்பிடித்தபோது அவனும் அழுதான், நானும் அழுதேன். பிறகு அவன் என் பெட்டிகளைப் பார்த்து, "ரெண்டும் ஒரே ரயிலிலைதானே வந்தது?" என்றான். அதோடு அழுகை நின்றது.

பின்னேரம் நால்வரும் அவன் வீட்டுத் தோட்டத்தில் இருந்தோம். பூரணி நிரஞ்சலாவுக்குத் தன் பயணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு டெனிஷ் பெட்டை வழி காட்டினாளாம், சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாளாம்.

"ஒரு பாலம் வந்தது" என்றாள். "அவ்வளவு உயரத்திலை. கீழை கப்பல் போகுது. சன்னல் கரையிலை தனிய இருந்து பாத்தன். இது என்ன ஊர், எப்ப கட்டினது எண்டு ஆரும் காதுக்குள்ளை சொல்லிக்கொண்டிருக்கேல்லை. நல்லாய் இருந்தது."

அந்தப் பாலம் எனக்குத் தெரியும். அதைப் பற்றிச் சொல்வதற்கென்று பாரிஸிலேயே படித்து வைத்திருந்தேன். எத்தனை மீற்றர் உயரம், எந்த ஆண்டு, எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. இரத்தினம் என்னைப் பார்த்தான். நிரஞ்சலாவும் பார்த்தாள்.

"கப்பல் பெரிசோ?" என்று கேட்டேன்.

பூரணி கதிரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.